எட்டுக்குப் போகாத எண்

இனி விடைத்தாள்களை இயந்திரமே திருத்திவிடும் என்று எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டார்கள். உடனே இளையவர்கள் கைதட்டும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினார்கள். நான் கட்டைவிரலைக் கீழே காட்டும் பொம்மையைத் தேடினேன். கண்ணாடி போடாததால் பிறந்தநாள் கேக்கை அனுப்பிவிட்டேன். அதற்கும் நாலு பேர் நன்றி சொன்னார்கள்.

பிறகு ஒரு தம்பி தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "சார், கீ-யில என்ன இருக்கோ அதை அப்பிடியே பாத்துப் போட்டுட்டுப் போறதுதான நம்ம வேலை. அதை மெசின் செஞ்சா உங்களுக்கு என்ன சார் நட்டம்?"

கீ என்பது விடைக்குறிப்பு. எங்கள் தொழிலில் அதற்கு வேதத்துக்குச் சற்று மேலான இடம். அதைப் பார்த்துப் போடுவது நம் வேலை இல்லை தம்பி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான். கணக்கு என்றதும் அடுத்த பக்கத்துக்குப் போகிறவர்கள் போகலாம். முப்பத்து மூன்று வருடம் என் வகுப்பிலும் அப்படித்தான் பாதிப் பேர் ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் வாத்தியாரான கதை சின்னது. மதுரையில் பி.எட். படித்தேன். கரும்பலகையில் எழுதும்போது வகுப்புக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று அங்கே கற்றுக்கொடுத்தார்கள். அதை உயிராகக் கடைப்பிடித்தேன். அதனால் என் முதுகையும் எந்தப் பிள்ளையும் பார்த்ததில்லை, என் எழுத்தையும் எந்தப் பிள்ளையும் படித்ததில்லை. முதலில் பொட்டிப்புரம் பக்கம் கொஞ்ச காலம், பிறகு ஓடைப்பட்டி. அங்கே திராட்சை வெட்டு நடக்கும் நாளில் வகுப்பில் நானும் கரும்பலகையும்தான் இருப்போம். அப்போதும் முதுகைக் காட்டாமல்தான் எழுதினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போடியில் ஏலக்காய் வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை நடத்தினார்கள். பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு வருடம் ஒருமுறை கணக்குப் போட்டி ஒன்று வைப்பார்கள். முதலாவதாக வரும் பிள்ளைக்கு மதுரையில் நல்ல பள்ளியில் இடம் கிடைக்கும். பிளஸ் டூ முடியும்வரை விடுதியும் சாப்பாடும் அறக்கட்டளையின் பொறுப்பு. ஒரே ஒரு இடம். அந்த இடத்துக்காகக் கூடலூர் முதல் ஆண்டிப்பட்டி வரை பிள்ளைகள் வந்து எழுதுவார்கள்.

திருத்தும் முகாம் ஏலக்காய்க் கிடங்கின் மாடியில் நடக்கும். பத்து மணிக்கு உள்ளே போனால் பன்னிரண்டு மணிக்கெல்லாம் எல்லோர் மேலும் பாயசம் மணக்கும். அந்த மணத்தோடு வீட்டுக்குப் போனால், எங்கே விருந்து சாப்பிட்டு வந்தாய் என்று என் மனைவி விசாரணை வைப்பாள்.

முறை கறாரானது. பிள்ளையின் பெயரும் தகப்பனார் பெயரும் ஊரும் எழுதிய தலைப்புச் சீட்டை முதலிலேயே கிழித்து உறையில் போட்டு அரக்கு வைத்துவிடுவார்கள். தாளில் ஒரு குறியீட்டு எண் மட்டும் மிஞ்சும். ஒரு ஆசிரியருக்கு ஒரு கேள்வி. எல்லாத் தாளிலும் அந்த ஒரே கேள்வியை அவரே திருத்த வேண்டும். எங்களுக்குச் சிவப்பு மை, தலைமைத் தேர்வாளருக்குப் பச்சை. சிவப்பு தப்பு செய்யலாம், பச்சை செய்யாது என்பது எழுதப்படாத சட்டம்.

அந்தப் பச்சைப் பேனாவுக்குச் சொந்தக்காரர் பேராசிரியர் ஞானதுரை. கல்லூரியில் கணிதத் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முகாம் நடக்கும் நாள் முழுவதும் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கைக்குட்டையைச் சதுரமாக மடித்து மேசை மேல் வைப்பார், அதன் நடுவில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பார், பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால் நடக்க ஆரம்பிப்பார். தப்பு கண்ணில் பட்டால் பேனா மூடியால் மேசையில் இரண்டு தட்டு. குரல் உயராது. நாம் எவ்வளவு நீளமாக விளக்கம் சொன்னாலும் கடைசியில் "அப்புறம்?" என்பார். அந்த ஒரு சொல்லில் பல தலைமையாசிரியர்கள் வேர்த்துப்போய் நின்றதைப் பார்த்திருக்கிறேன். நான் நின்றதைப் பார்த்தவர்களும் உண்டு.

அந்த வருடம் எனக்குக் கடைசிக் கேள்வியைக் கொடுத்தார். பத்து மதிப்பெண். கேள்வி இதுதான்: ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள இலக்கங்களை ஒவ்வொன்றையும் ஒரே ஒருமுறை பயன்படுத்தி ஓர் ஒன்பது இலக்க எண் அமைக்க வேண்டும். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் சேர்ந்த எண் இரண்டால் வகுபட வேண்டும், முதல் மூன்று மூன்றால், முதல் நான்கு நான்கால், இப்படியே முழு எண் ஒன்பதால் வகுபட வேண்டும்.

கீ-யில் 381654279 என்று தட்டச்சு செய்து, கீழே 'விடை சரியெனில் 10, இல்லையெனில் 0, படிகளுக்கு மதிப்பெண் இல்லை' என்று போட்டிருந்தது. பேராசிரியரின் பச்சைக் கையெழுத்தும் இருந்தது.

எனக்கு அதைவிடச் சுகமான வேலை கிடையாது. பெரும்பாலான பிள்ளைகள் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. தொட்டவர்கள் பாதியில் கைவிட்டிருந்தார்கள். ஒரு கைப்பிடித் தாள்களில் மட்டும் 381654279 என்று விடை பளிச்சென்று இருந்தது. முன்னும் பின்னும் ஒரு வரி கிடையாது. நானும் மகாராஜாவாகப் பத்து, பத்து என்று போட்டுக்கொண்டே வந்தேன்.

அப்புறம் அந்தத் தாள் வந்தது.

மூன்று பக்கம் எழுதியிருந்தது. எழுத்து சின்னது, ஆனால் அவசரம் இல்லை. ஐந்தால் வகுபட வேண்டுமென்றால் ஐந்தாவது இடத்தில் 5 தவிர வேறெதுவும் வராது என்று தொடங்கியது. இரண்டு, நான்கு, ஆறு, எட்டு ஆகிய இடங்களுக்கு இரட்டைப்படை வேண்டும். இரட்டைப்படைகளே நாலுதான், ஆக அவை அங்கே தீர்ந்தன. மிச்ச இடமெல்லாம் ஒற்றைப்படைக்கு. நாலால் வகுபட வேண்டும் என்பதால் நாலாவது இடத்தில் 2 அல்லது 6. எட்டால் வகுபட வேண்டும் என்பதால் எட்டாவது இடத்திலும் 2 அல்லது 6. அப்படியானால் 4-க்கும் 8-க்கும் இரண்டாம் இடமும் ஆறாம் இடமும்தான் கதி.

அடுத்ததைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் மூன்றும் மூன்றால் வகுபடும், முதல் ஆறும் மூன்றால் வகுபடும், ஆகவே நடுவில் இருக்கும் மூன்று இலக்கங்களின் கூட்டுத்தொகையும் மூன்றால் வகுபட்டே ஆக வேண்டும். எனவே நடுவில் 258 அல்லது 654, வேறு வழி இல்லை. ஒன்பது இலக்கங்களை மூன்று லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது விதமாக அடுக்கலாம். இந்தப் பிள்ளை மூன்று பக்கத்தில் அவ்வளவையும் விரட்டி, பத்தே பத்து எண்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. பிறகு பத்தின் முதல் ஏழு இலக்கங்களையும் ஏழால் வகுத்துப் பார்த்திருந்தது. ஒன்பதில் மீதி வந்தது. ஒன்றில் வரவில்லை. கடைசி வரி: 'ஆகவே விடை 381654729. இது ஒன்றுதான் உண்டு.'

கீ-யைப் பார்த்தேன். 279. தாளைப் பார்த்தேன். 729. அடடா, இவ்வளவு தூரம் வந்து கடைசியில் கால் இடறிவிட்டதே என்று தாளைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பச்சை மையின் மகிமை அப்படி. சிவப்புப் பேனாவைப் பூஜ்யத்துக்குத் தயாராக வைத்துக்கொண்டு, எங்கே இடறியது என்று தேடினேன். தேடத் தேட இடறல் கீ-யில் இருந்தது. கீ-யின் முதல் எட்டு இலக்கங்கள் 38165427. ஏழில் முடிகிறது. ஏழில் முடியும் எண் இரண்டாலேயே வகுபடாது, எட்டால் எப்படி வகுபடும்? இதைக் கண்டுபிடிக்க வகுத்தல்கூட வேண்டாம், கண் இருந்தால் போதும். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் பத்து பத்தாக அள்ளி வழங்கியிருக்கிறேன்.

பக்கத்து மேசையில் பண்ணைப்புரத்துக் கணக்கு டீச்சர் பாண்டியம்மாள் முக்கோணங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எண்ணையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஏண்ணே, இத்தனை பேருக்குப் பத்துப் போட்டிருக்கீகளே, அப்பல்லாம் கண்ணு எங்கன போயிருந்துச்சு?"

"கீ மேல இருந்துச்சு டீச்சர்."

"போயி ஐயாட்டச் சொல்லுங்க. நான் வரலை. எனக்கு வீட்டுல பிள்ளைக இருக்கு."

போனேன். பேராசிரியர் தாளை வாங்கவே இல்லை. "கீ சரிபார்க்கப்பட்டது, ஆசிரியரே."

"தப்பா இருக்குங்கய்யா."

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அதையும் பாத்தேன்யா. கையெழுத்து சரியா இருக்கு. எண்ணுதான் தப்பு."

மாடியில் எல்லாப் பேனாவும் நின்றது. அவர் மெதுவாக, "அப்புறம்?" என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் பேச்சு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "அப்புறம் ஒண்ணுமில்லைங்கய்யா. ஏழு ஒத்தைப்படையா ரெட்டைப்படையா, அதை மட்டும் சொல்லிருங்க. நான் போயி உக்காந்துக்கிறேன்" என்றேன்.

ஒரு கணிதத் துறைத் தலைவரிடம் கேட்கக் கூடாத கேள்விகளில் அது முதலாவது. பாண்டியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன். பேராசிரியர் என் கையிலிருந்த கீ-யை வாங்கி ஒருமுறை பார்த்தார். முகத்தில் எதுவும் அசையவில்லை. போய்த் தன் தோல்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். அவர் கைப்பட எழுதிய மூலப்பிரதி. அதில் 729 என்றுதான் இருந்தது. டைப் அடித்த கடைக்காரர் ஏழையும் இரண்டையும் இடம் மாற்றியிருக்கிறார். இவர் தம் கையால் எழுதியதை அச்சில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"அச்சுப்பிழை" என்றார். "கேள்வியை ரத்து செய்துவிடலாம். எல்லாருக்கும் பத்து."

எங்கள் தொழிலில் இதுதான் வழக்கம். கேள்வியிலோ கீ-யிலோ கோளாறு என்றால் எல்லோருக்கும் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்து வாயை அடைத்துவிடுவது. எழுதியவனும் பத்து, தூங்கியவனும் பத்து. எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை.

"ஐயா, கீ-யில இருக்கிறது அச்சுப்பிழை. சரி. பிள்ளைக தாள்ல இருக்கிறது?"

"என்ன சொல்றீங்க?"

பத்துப் போட்ட தாள்களை அவர் முன்னால் வரிசையாக விரித்தேன். எல்லாவற்றிலும் 279. "பிள்ளைக தப்புப் பண்ணுனா ஆளுக்கொரு தப்பு வரும். எனக்குத் தெரியும், அதைத்தான இத்தனை வருசமா திருத்துறேன். இத்தனை பேரும் கடையில விழுந்த அதே தப்பைப் பண்ணியிருக்காக. போட்டுப் பாத்திருந்தா இந்த எண்ணு வரவே வராது. டைப் அடிச்ச தாளைப் பாத்தவுகளுக்குத்தான் வரும்."

அவர் கைக்குட்டையை விரித்து மறுபடி மடித்தார். அந்தக் கடையில்தான் போடியின் டியூஷன் சென்டர் ஒன்றின் நோட்ஸ்களும் டைப் ஆகின்றன என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"வெளியே தெரிந்தால் அறக்கட்டளைக்குக் கெட்ட பெயர், ஆசிரியரே. ரத்து செய்வதுதான் நல்லது. தாள்கட்டைக் கொடுங்க."

கட்டைக் கொடுத்தால் அந்த மூன்று பக்கத்துக்குப் பத்து, இந்த வெற்று எண்ணுக்கும் பத்து. மற்றவர்கள் ஏற்கெனவே திருத்திய கேள்விகளில் அந்தத் தாள் சில 279 தாள்களைவிட இரண்டு மூன்று மதிப்பெண் பின்தங்கியிருந்தது. எனவே மதுரை இடம் போய்விடும். நான் கட்டை நாற்காலியில் வைத்தேன். அதன் மேல் உட்கார்ந்தேன்.

"எழுந்திருங்க."

"ரத்து இல்லைன்னு சொல்லுங்கய்யா, எந்திரிக்கிறேன்."

வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். உட்காராவிட்டால் கட்டைப் பிடுங்கியிருப்பார்கள். மத்தியானச் சாப்பாடு வந்தது, உட்கார்ந்தபடியே சாப்பிட்டேன். ரசத்துக்கும் எழவில்லை. பாண்டியம்மாள் கையைக் கழுவிவிட்டு வந்து என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "அண்ணே, குஞ்சு பொரிச்சதும் ஒரு குரல் குடுங்க" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேராசிரியர் என் முன்னால் வந்து நின்றார். "அந்த மூன்று பக்கத் தாள். அதை மட்டும் கொடுங்க. பார்த்துவிட்டுத் தருகிறேன்."

உருவிக் கொடுத்தேன். அவர் நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாவது பக்கத்தில், நடுவில் 258 அல்லது 654 என்ற இடம் வந்திருக்க வேண்டும், ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்றாவது பக்கத்தில் பத்து வகுத்தல்களையும் ஒரு தாளில் தானே போட்டுப் பார்த்தார். வெகுநேரம் கழித்துத் தலையை நிமிர்த்தினார்.

"நான் ஏழால் வகுபடுவதில் ஆரம்பித்துப் போட்டேன், ஆசிரியரே. எனக்கு இதைவிட நீளமாக வந்தது."

பச்சை மையில் பத்துப் போட்டார். 279 எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போடச் சொன்னார். எழுந்தேன். கால் மரத்துப்போய் மறுபடி உட்கார்ந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் சுபம். மறுநாள் கூட்டல் முடிந்து, அரக்கை உடைத்துப் பெயர்களைச் சேர்த்தார்கள். முதலிடம் அந்த மூன்று பக்கத் தாளுக்குத்தான். பெயர் தாரணி. தகப்பனார் பெயரைப் படித்ததும் பேராசிரியர் நிறுத்திவிட்டார். அந்த டியூஷன் சென்டரை நடத்தும் ராசு மாஸ்டரின் மகள்.

"கீ போன வீட்டுப் பிள்ளை. தகுதி நீக்கம்" என்றார்.

"அந்த வீட்டுக்குப் போனது தப்பான எண்ணுங்கய்யா. இந்தப் பிள்ளை எழுதுனது சரியான எண்ணு. களவுபோன சாமானே அவ கையில இல்லையே" என்றேன்.

இந்த முறை பாண்டியம்மாளும் எழுந்து வந்துவிட்டார். "எண்ணுக்கு ஏதுய்யா அப்பன்? கூப்பிட்டுக் கேளுங்க. போட்டவ வாயில வரும்ல?"

தாரணி வந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பள்ளிச் சீருடை. பேராசிரியர் கணக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "கீ-யைப் பார்த்தாயா?" என்றார்.

இல்லை என்று சொல்லிவிடு தாயே என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"பாத்தேன் சார். அப்பா காட்டுனாக."

நான் வேண்டிக்கொள்வதை நிறுத்தினேன்.

"அப்புறம்?"

"எட்டாவது இடத்துல ஏழு இருக்கு, இது எட்டுக்குப் போகாதுப்பான்னு சொன்னேன். அச்சுல வந்ததையே தப்புங்கிறியா, நீ என்ன பெரிய இவளான்னு ஏசுனாக."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன சார். உள்ள உக்காந்து போட்டேன்."

பேராசிரியர் விடவில்லை. "எட்டாவது இடத்தில் இரண்டு இருந்து, அந்தக் கீ சரியாகவே இருந்திருந்தால்?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "அப்பயும் போட்டுப் பாத்திருப்பேன் சார். வேற எண்ணு இருக்கான்னு தெரியணும்ல."

அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. பட்டியலில் அவள் பெயருக்கு நேராகப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். அச்சில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் போட்டார்.

தம்பி, இயந்திரத்தைக் கேட்டீர்களே. அது அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் 279-க்கெல்லாம் பத்து, 729-க்குப் பூஜ்யம், ஒரு நிமிட வேலை. நானும் அரை நாள் அந்த இயந்திரமாகத்தான் இருந்தேன், அதனால் அதன் திறமை எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த வருடம் முகாமுக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வருடமும் கூப்பிடவில்லை. 'நாற்காலியில் சரியாக உட்காரத் தெரியாதவர்' என்று யாரோ எழுதிப் போட்டிருந்ததாகக் கேள்வி. மறுக்க முடியாது.

முடிவு வெளியான வாரத்தில் ராசு மாஸ்டர் என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே சத்தம்.

"எங்க சென்டர் பிள்ளைக அத்தனை பேருக்கும் பூஜ்யம் போட்டீகளாமே சார். இது நியாயமா?"

"எழுதிக் குடுங்க மாஸ்டர், மேல அனுப்புறேன். அத்தனை பேரும் எப்பிடி ஒரே தப்பை எழுதுனாகன்னும் அதுலயே சேத்து எழுதிருங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். என் மனைவி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எம் மகளுக்கு மட்டும் பத்தாக்கும்?"

"ஆமா."

"நான் சொன்னதை அவ கேக்கலை சார்."

"கேக்கலை."

"கேட்டிருந்தா போயிருக்கும்."

"போயிருக்கும்."

டம்ளரைக் கீழே வைத்தார். கோபத்தை அப்படியே முகத்தில் வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார். வாயோரம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"ஆனா ஒண்ணு சார். வகுத்தல் அவளுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அதை மட்டும் நான் சரிபார்க்கவில்லை. அப்படியே முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.